எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை

திவான் பகதூர் இலூயிசு டொமினிக் சாமிக்கண்ணுப் பிள்ளை (பெப்ரவரி 11, 1864 - செப்டெம்பர் 10, 1925) சென்னை மாகாணத்தைச் சேர்ந்த அரசு அலுவலரும், சட்டம் பயின்றவரும், காலக்கணிப்பு ஆய்வாளரும் ஆவார். சென்னை சட்டமன்றத்தின் இரண்டாவது தலைவராக இருந்தவர். எனினும் இன்று இவர் பெயர் நினைக்கப்படுவது, இந்தியாவில் வழங்கிய சூரிய, சந்திர நாட்காட்டிகளின் நாட்களை ஆங்கில நாட்களோடு பொருத்திக் காட்டும் இந்தியன் எஃபிமெரிஸ் என்னும் பெரும் அட்டவணை நூலினாலேயே ஆகும். கல்வெட்டுகளில் காணும் திதி, நட்சத்திரம், கிழமை ஆகியவற்றைக் கொண்டு அரசர்களின் காலத்தை வரையறுக்க விரும்பும் எவரும் இந்நூலைத் தொடாமல் செல்வது அரிது. சிலப்பதிகாரத்தையும் பரிபாடலின் ஒரு பாடலையும் வானியல் கணக்கின் அடிப்படையில் இவர் கி.பி. 7, 8 ஆம் நூற்றாண்டுகளுக்குக் கொண்டுவந்தது தமிழறிஞரிடையே நீண்ட விவாதத்தைத் தோற்றுவித்தது.

இவரைத் தென்னிந்தியத் திரைப்பட முன்னோடிகளுள் ஒருவரான சாமிக்கண்ணு வின்சென்டுடன் குழப்பிக்கொள்ளலாகாது.

வாழ்க்கை

சாமிக்கண்ணுப் பிள்ளை கிறித்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தையும் பெற்றிருந்தார். பின்னர் சென்னை மாகாண அரசுப் பணியில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். அரசு இவருக்குத் திவான் பகதூர் பட்டமும் இம்பீரியல் சர்வீசு ஆர்டர் என்ற விருதும் அளித்தது. வானியலோ கணிதமோ இவருடைய தொழில் அன்று. கோப்புகளுக்கு இடையே கிடைத்த ஓய்வு நேரத்தில் செய்யப்பட்ட வேலையே இவரை நிலைநிறுத்தியது.

திங்களும் கிழமையும்

சாமிக்கண்ணுப் பிள்ளையின் பணியைப் புரிந்துகொள்ள, சந்திரனைக் கொண்டு மாதங்களைக் கணிக்கும் முறையைச் சிறிது அறிந்திருத்தல் வேண்டும்.

சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையேயுள்ள கோணம் 12 பாகை கூடும் காலம் ஒரு திதி ஆகும். ஓர் அமாவாசையிலிருந்து மறு அமாவாசை வரை 30 திதிகள். அதன் சராசரி அளவு 29.53 நாட்கள். எனவே ஒரு திதி சராசரியாக 23 மணி 37 நிமிடம் நீடிக்கும். ஆனால் சந்திரன் சீரான வேகத்தில் செல்வதில்லை. அதனால் திதி சில வேளைகளில் 20 மணி நேரத்திற்குள்ளும், சில வேளைகளில் 26 மணி நேரத்திற்கு மேலும் செல்லும். சூரிய உதயத்தில் எந்தத் திதி இருக்கிறதோ அதுவே அந்த நாளின் திதி என்பது பொது விதி. ஆகவே ஒரு திதி எந்த உதயத்தையும் தொடாமலே கழிந்துவிடலாம். இரண்டு உதயங்களில் ஒரே திதி நிற்பதும் உண்டு. பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்து 354 நாட்களே ஆவதால், பருவங்களோடு ஒட்டிச் செல்ல ஏறத்தாழ 32 அல்லது 33 மாதங்களுக்கு ஒருமுறை அதிக மாதம் சேர்க்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் மாதங்கள் சூரியனைப் பின்பற்றுவன. ஆயினும் நோன்பும் திருவிழாவும் நீத்தார் கடனும் திதியையும் நட்சத்திரத்தையுமே பின்பற்றுகின்றன. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் பங்குனி உத்திரம் சூரிய மாதம் ஒன்றும் சந்திரன் நிற்கும் நட்சத்திரம் ஒன்றும் கூடும் நாள் ஆகும். தச்சரும் கொத்தரும் நெசவாளரும் போன்ற கைவினைஞர் பலர் அமாவாசை அன்று கருவிகளைத் தொடாமல் ஓய்வு கொள்ளும் வழக்கமும் தமிழ்நாட்டில் பரவலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை பரவுவதற்கு முன் உழைப்பவரின் ஓய்வு நாளைச் சந்திரனே காட்டியது எனலாம்.

இதே சிக்கல் விவிலிய உலகிலும் இருந்தது. பண்டைய யூதர்கள் மேற்கு வானில் முதல் பிறை தெரிவதைக் கொண்டு மாதப் பிறப்பை அறிவித்தனர். நீசான் மாதத்து 14 ஆம் நாள் மாலையில் பாசுகா விழா தொடங்கும். அது முழுநிலவை ஒட்டியது. பருவம் பிந்திவிட்டால் அதார் மாதம் இரட்டிக்கப்பட்டது. பிற்காலத்தில் பிறை பார்ப்பது கைவிடப்பட்டு, 19 ஆண்டுகளில் 7 அதிக மாதங்கள் என்ற நிலையான கணக்கு வந்தது, இம்மாற்றம் கி.பி. 4 ஆம் நூற்றாண்டினரான இரண்டாம் இல்லேல் என்பவரோடு மரபாகத் தொடர்புபடுத்தப்படுகிறது. 19 சூரிய ஆண்டுகளும் 235 சந்திர மாதங்களும் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பதே இதன் அடிப்படை. உயிர்த்த ஞாயிறு ஆண்டுதோறும் இடம் மாறுவதும் இதனாலேயே: மார்ச் 21 அன்றோ அதன் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு அது. இம்முழுநிலவும் வானத்தில் காணப்படுவது அன்று. திருச்சபையின் அட்டவணைக் கணக்கினால் பெறப்படுவது. கிறித்தவக் குடும்பத்தில் வளரும் எவருக்கும் சந்திரக் கணக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

எபிரேய நூல்களில் அமாவாசைத் திருநாளும் ஓய்வுநாளும் பல இடங்களில் சேர்த்தே சொல்லப்படுகின்றன. இதைக் கொண்டு, ஆதியில் ஓய்வுநாளும் சந்திரனின் நான்கு நிலைகளையே பின்பற்றியது, ஒவ்வொரு மாதப் பிறப்பிலும் வாரம் புதிதாக எண்ணப்பட்டது என்று கருதுவோர் உள்ளனர். பாபிலோனியரின் சபத்து என்னும் முழுநிலவு நாளும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. ஆனால் வரலாற்றுக் காலத்தில் யூதர் கடைப்பிடித்தது இடையறாத ஏழு நாள் வாரமே. இந்தியாவில் வழங்கும் கிழமைகளும் அதே வரிசையில் இடையறாது வருகின்றன. இவ்வேறுபாடு சமய விவாதத்துக்கு மட்டும் உரியதன்று. சாமிக்கண்ணுப் பிள்ளையின் ஆய்வு முறை முழுவதும் இதன் மீதே நிற்கிறது. வாரம் சந்திரனோடு கட்டப்பட்டிருந்தால், திதியைச் சொன்னபின் கிழமையைச் சொல்வதால் புதிய செய்தி எதுவும் கிடைக்காது. கிழமை சந்திரனைப் பொருட்படுத்தாமல் தன்பாட்டில் ஓடுவதால்தான், குறிப்பிட்ட மாதத்தின் குறிப்பிட்ட திதி குறிப்பிட்ட கிழமையில் வருவது சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறையே நிகழ்கிறது. கல்வெட்டில் மாதம், பக்கம், திதி, கிழமை நான்கும் இருந்தால், ஏழு ஆண்டுகளுள் ஆறு தாமாகவே விலகிவிடும். இயேசு சிலுவையில் அறையப்பட்ட நாளைக் கணிப்போர், வெள்ளிக்கிழமையும் நீசான் முழுநிலவும் ஒட்டிவரும் ஆண்டுகளைத் தேடி கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3 ஆகிய இரு நாட்களில் வந்து நிற்பதும் இதே வழியில்தான்.

முன்னோர்

சாமிக்கண்ணுப் பிள்ளைக்கு முன்பே இத்துறையில் பலர் உழைத்திருந்தனர். சென்னை வானியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825 இல் கால சங்கலிதம் என்ற நூலை வெளியிட்டார். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை அவர் அதில் பதிவு செய்துள்ளார். அக்கணக்கு உண்மை நேரத்திலிருந்து தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே வேறுபட்டது.

அந்த வாய்பாடுகளின் மரபு காஞ்சிபுரத்தோடு தொடர்புடையது. தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கங்களுக்கு அடிப்படையான வாக்கியகரணம் என்னும் வடமொழி நூல், 1300 ஐ ஒட்டி, காஞ்சியைச் சேர்ந்தவராகக் கருதப்படும் ஆசிரியர் ஒருவரால் இயற்றப்பட்டது. இது சுந்தரராசரின் உரையுடன் 1962 இல் குப்பண்ண சாத்திரி, கே. வி. சர்மா ஆகியோரால் சென்னையில் பதிப்பிக்கப்பட்டது. சந்திரனின் வேகம் கூடிக் குறையும் சுற்று ஒன்பது முறை முடியும் காலம் 248 நாட்கள் ஆகும். ஆகவே 248 சொற்றொடர்களை மனப்பாடம் செய்தவர், எந்த நாளுக்கும் சந்திரன் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். முதல் தொடர் 12 பாகை 3 கலை என்ற அளவைத் தரும். எழுத்துகளுக்கு எண் மதிப்பு தரும் கடபயாதி முறையில் இத்தொடர்கள் அமைந்தவை.

மேலைநாட்டு அறிஞருள் கீல்கார்ன் என்பவர் சோழ, பாண்டியக் கல்வெட்டுகளின் நாட்களைச் சரிபார்த்து எபிகிராபியா இண்டிகாவில் வெளியிட்டு வந்தார். இராபர்ட் சூவெலும் சங்கர பாலகிருட்டிண தீட்சிதரும் சேர்ந்து 1896 இல் இந்தியன் காலண்டர் என்ற நூலை எழுதினர். இவர்களுடைய அட்டவணைகள் சரியானவை. ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் கூட்டல், கழித்தல், திருத்தம் என்று நீண்ட கணக்குச் செய்ய வேண்டும். கணிதப் பழக்கம் இல்லாத கல்வெட்டு ஆய்வாளர் அவற்றைக் கண்டு தயங்கினார்.

நூல்கள்

1911 இல் சாமிக்கண்ணுப் பிள்ளை இந்தியன் குரோனாலஜி என்னும் நூலைச் சென்னையில் வெளியிட்டார். கி.மு. 1 முதல் கி.பி. 2000 வரையுள்ள திதி, நட்சத்திரம், சாதகம் முதலிய காலக் குறிப்புகளைப் பொருள்கொள்ளவும் சரிபார்க்கவும் உதவும் நடைமுறைக் கையேடு இது. சூரிய, சந்திர, கோள் கணக்குகள் மூன்றும் இதில் உள்ளன. வாசகரைக் கணிதராக்குவது இவர் நோக்கமன்று. கணக்கைத் தாமே செய்து முடித்து, விடையை மட்டும் வாசகர் கையில் தருவதே இவர் விரும்பியது.

அந்த எண்ணத்தின் முழு வடிவமே 1922 இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட, கி.பி. 700 முதல் 1799 வரைக்குமான இந்தியன் எஃபிமெரிஸ் ஆகும். இது ஏழு தொகுதிகளைக் கொண்டது. 1,100 ஆண்டுகளில் ஏறத்தாழ 4 இலட்சம் நாட்கள் அடங்கும். ஒவ்வொரு நாளுக்கும் ஆங்கிலத் தேதி, கிழமை, சூரிய மாத நாள், சந்திர மாதத் திதி, நட்சத்திரம், திதியும் நட்சத்திரமும் முடியும் நேரம் ஆகியவை வரிசையாக அச்சிடப்பட்டுள்ளன. சகம், விக்கிரமம், கலியுகம், கொல்லம், இசுலாமிய இசிரி முதலிய ஆண்டுமுறைகளின் ஆண்டுகளும் தரப்பட்டுள்ளன. முடிவு நேரத்தை நாழிகை, விநாழிகையில் தராமல் நாளின் தசம பின்னமாகத் தந்தது இவருடைய நடைமுறை அறிவைக் காட்டுகிறது. உதயத்திலிருந்து 30 நாழிகை என்பது .50 ஆகும். கூட்டவும் ஒப்பிடவும் இது எளிது. அச்சில் இடமும் குறைவு.

இவ்வட்டவணைகள் இக்கால வானியல் அளவுகளைக் கொண்டு அமைக்கப்பட்டவை அல்ல. சூரிய சித்தாந்தம் முதலான பழைய சித்தாந்தங்களின் அளவுகளைக் கொண்டவை. இதைக் குறையாகக் கருதுவோர் நூலின் நோக்கத்தைத் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். 1250 இல் கோயில் கணக்கர் ஒருவர் கல்லில் வெட்டுவித்த திதி, வானத்தில் சந்திரன் உண்மையில் நின்ற இடத்தைக் காட்டுவதன்று. அவ்வூர்ப் பஞ்சாங்கம் சொன்னதைக் காட்டுவது. இரண்டிற்கும் சில மணி நேர வேறுபாடு இருக்கலாம். ஆகவே கல்வெட்டைச் சரிபார்க்க வேண்டுமானால், பழைய கணிதர் செய்த பிழையையும் சேர்த்தே செய்தாக வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கத்திற்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்திற்கும் இடையே இன்றும் நிலவும் பூசலின் வேரும் இவ்வேறுபாட்டிலேயே உள்ளது.

1800 முதல் 2000 வரைக்கான அட்டவணையைத் தனியாகவும் இவர் வெளியிட்டுள்ளார். பஞ்சாங்கத்தையும் சாதகக் கணிதத்தையும் பொது வாசகருக்கு விளக்கும் பஞ்சாங் அண்ட் ஆரசுகோப் என்ற நூல் 1925 இல் வந்தது. அதே ஆண்டில் இவர் மறைந்தார்.

கல்வெட்டு ஆய்வு

தமிழ்க் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை சக ஆண்டைக் குறிப்பதில்லை. இன்ன அரசர்க்கு யாண்டு ஏழாவது என்று தொடங்கி, மாதம், பக்கம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றைச் சொல்லி முடிக்கும். சடையவர்மன் சுந்தர பாண்டியன், மாறவர்மன் குலசேகரன் போன்ற பெயர்கள் பலருக்கு உரியன. யார் முந்தி, யார் பிந்தி என்று அறிய நாட்கணக்கே துணை. சாமிக்கண்ணுப் பிள்ளை பாண்டியர் கல்வெட்டு நாட்களை ஆராய்ந்து 1913 இல் இந்தியன் ஆண்டிகுவரி இதழில் வெளியிட்டார். கீல்கார்ன் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாக அது அமைந்தது.

இவ்வகைக் கணக்கு எத்தகைய பயன் தரும் என்பதற்குக் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் உள்ள இரவிவர்மன் குலசேகரனின் கல்வெட்டு நல்ல எடுத்துக்காட்டு. வேணாட்டு அரசனான இவன் வேகவதி ஆற்றங்கரையில் முடிசூடிக்கொண்டவன். அவன் பிறந்த சக ஆண்டு எண்ணால் அன்றி, கடபயாதி முறையில் ஒரு சொல்லால் குறிக்கப்பட்டுள்ளது. அதை விடுவித்தால் 1188 கிடைக்கும், அதாவது கி.பி. 1266-67. 33 ஆம் வயதில் கேரளத்தைப் பெற்றதாகவும் 46 ஆம் வயதில் முடிசூடியதாகவும் கல்வெட்டு கூறுவதால், முடிசூட்டு 1312-13 ஐ ஒட்டி நிகழ்ந்தது எனலாம். இப்படி ஆண்டு நேரடியாகக் கிடைப்பது அரிதான நற்பேறு. மற்ற கல்வெட்டுகளுக்கெல்லாம் ஏழு தொகுதிகளையும் புரட்டியே ஆக வேண்டும்.

கல்வெட்டு நாட்கள் எல்லாம் கணக்கோடு ஒத்துவருவதும் இல்லை. திதியோ கிழமையோ தவறாக வெட்டப்பட்டிருக்கலாம். படியெடுத்தவர் தவறாகப் படித்திருக்கலாம். நான்கு கூறுகளுள் மூன்று ஒத்து ஒன்று ஒவ்வாதபோது எதைத் திருத்துவது என்பது ஆய்வாளரின் விருப்பத்திற்கு விடப்படுகிறது. விரும்பிய ஆண்டைப் பெறுவதற்காகக் கல்வெட்டையே திருத்தும் ஆபத்து இதில் உண்டு.

இலக்கியக் கால ஆராய்ச்சியும் எதிர்ப்பும்

சாமிக்கண்ணுப் பிள்ளையின் பெயர் தமிழ்ப் புலவரிடையே பரவியது கல்வெட்டினால் அன்று. உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் 1892 இலும், பரிபாடலைப் பரிமேலழகர் உரையுடன் 1918 இலும் பதிப்பித்திருந்தார். இவ்விரு நூல்களிலும் வானியல் குறிப்புகள் உள்ளன. அட்டவணையைக் கையில் வைத்திருந்தவருக்கு அவற்றைச் சோதித்துப் பார்க்கும் ஆவல் எழுந்ததில் வியப்பில்லை.

பரிபாடலின் 11 ஆம் பாடல் நல்லந்துவனார் வையையைப் பற்றிப் பாடியது. மழை தொடங்கும் காலத்தில் கோள்கள் நின்ற இராசிகளையும் ஒரு சந்திர கிரகணத்தையும் அது குறிப்பிடுகிறது. வியாழன் மீனத்திலும் சனி மகரத்திலும் நிற்பது ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நிலை. செவ்வாய், வெள்ளி, புதன், கிரகணம் ஆகியவற்றையும் சேர்த்தால் பொருந்தும் நாட்கள் மிகச் சிலவாகிவிடும். சாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 634 சூன் 17 என்று முடிவு செய்தார்.

சிலப்பதிகாரத்தில் மதுரை எரியுண்ட நாள் ஆடி மாதத்துத் தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமை, கார்த்திகை நட்சத்திரம் என்று குறிக்கப்பட்டுள்ளது. இந்திர விழாவும் கோவலன் புகாரை விட்டுப் புறப்பட்டதும் எந்நாட்களில் நிகழ்ந்தன என்பதற்கு அடியார்க்குநல்லார் உரையில் குறிப்புகள் உண்டு. இவையனைத்தும் பொருந்தும் ஆண்டாக இவர் கி.பி. 756 ஐக் கண்டார். அதன்படி மதுரை எரிந்த நாள் சூலை 23 ஆகும். அந்நாள் வெள்ளிக்கிழமை என்பதும், தேய்பிறையின் எட்டாம் நாளை ஒட்டியது என்பதும் கணக்கில் சரியாகவே வருகின்றன.

இம்முடிவு சாதாரணமானதன்று. இலங்கை மன்னன் கயவாகு சேரன் செங்குட்டுவனின் விழாவிற்கு வந்தான் என்ற செய்தியைக் கொண்டு, வி. கனகசபைப் பிள்ளை முதலியோர் சங்க காலத்தைக் கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் வைத்திருந்தனர். தமிழ் இலக்கியத்தின் பழமை பற்றிய அன்றைய நம்பிக்கை முழுவதும் இந்தக் கயவாகு காலவரையறையின் மீது எழுப்பப்பட்டிருந்தது. மதுரை எரிந்தது 756 இல் என்றால் அக்கட்டடம் ஆறு நூற்றாண்டு கீழே இறங்கும்.

எதிர்ப்பாளர் கூறிய காரணங்கள் பல. அவற்றுள் வலிமையானது வானியல் சாராதது. 756 இல் காஞ்சியில் ஆண்டவன் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிலைக் கட்டியவன் இவனே. சிலப்பதிகாரமோ பல்லவரைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அதன் தொடர்ச்சியான மணிமேகலையில், மாதவியின் மகள் காஞ்சிக்கு வரும்போது அங்கே ஆள்பவன் சோழ மன்னனின் தம்பி இளங்கிள்ளி. நந்திவர்மன் காலத்துக் காஞ்சியில் இவனுக்கு இடமில்லை.

இரண்டாவது காரணம் கணக்கைச் சார்ந்தது. ஆடித் தேய்பிறை அட்டமியில் சந்திரன் அடுத்தடுத்த சில நட்சத்திரங்களுள் ஒன்றில்தான் நிற்க முடியும். ஆகவே நட்சத்திரத்தைச் சேர்ப்பதால் கட்டுப்பாடு பெரிதும் இறுகுவதில்லை. மாதம், திதி, கிழமை மூன்றும் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் என்றால், ஆயிரம் ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் தகுதி பெறும். நட்சத்திரம் அவற்றுள் ஒரு பகுதியையே விலக்கும். அவற்றிலிருந்து 756 ஐத் தனித்தெடுப்பது காப்பியத்தின் வரிகள் அல்ல. நிகழ்ச்சிக்குப் பல நூற்றாண்டு பின்வந்த உரையாசிரியரின் கணக்கே ஆகும். அவர் தம் காலத்துப் பஞ்சாங்க அறிவைக் கொண்டு கதைக்கு நாள் அமைத்திருக்கக்கூடும். கே. ஜி. சேசையர், வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதர் முதலியோர் 756 ஐ ஏற்கவில்லை.

மறுபக்கமும் வெறுமையன்று. இந்தியக் கல்வெட்டுகளில் கிழமை முதன்முதலாகக் காணப்படுவது 484 ஆம் ஆண்டு ஏரண் கல்வெட்டில்தான். கிழமை சொல்லும் ஒரு நூலை 2 ஆம் நூற்றாண்டில் வைப்பது எளிதன்று. எஸ். வையாபுரிப் பிள்ளை மொழி வழக்கு, சொல்லாட்சி ஆகிய வேறு சான்றுகளைக் கொண்டு சிலப்பதிகாரத்தையும் பரிபாடலையும் பிற்காலத்தனவாகவே கருதினார். கதை நிகழ்ந்த காலமும் நூல் எழுந்த காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்ற தெளிவு பின்னாளில் வந்தபோது, விவாதத்தின் சூடு ஓரளவு தணிந்தது. 756 இன்று பெரும்பாலான அறிஞரால் ஏற்கப்படுவதில்லை. ஆனால் இலக்கியத்தில் உள்ள நாட்குறிப்பைச் சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் நிலைபெற்றுவிட்டது. திருப்பாவையில் வரும் வெள்ளி எழுதலும் வியாழன் மறைதலும் கொண்டு மு. இராகவையங்கார் ஆண்டாளின் காலத்தை 731 ஐ ஒட்டி வரையறுத்ததும் இவ்வழியைச் சேர்ந்ததே.

சட்டமன்றத்தில்

1919 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி அமைந்த சென்னை சட்டமன்றம் 1921 சனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. சாமிக்கண்ணுப் பிள்ளை அதன் செயலாளராகப் பணியாற்றினார். முதல் தலைவரான சர் பி. இராசகோபாலாச்சாரிக்குப் பின், 1924 இல் தலைவர் பொறுப்பை ஏற்றார். நீதிக்கட்சியின் பனகல் அரசர் முதலமைச்சராக இருந்த காலம் அது. மாகாணத்துக் கோயில்களை அரசின் மேற்பார்வைக்குக் கொண்டுவந்த இந்து சமய அறநிலையச் சட்டம், இவர் தலைவராக இருந்தபோது 1925 ஆம் ஆண்டின் முதல் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. காஞ்சிபுரத்துக் கோயில்களும் அதன்கீழ் வந்தன. இவர் 1925 செப்டெம்பர் 10 அன்று பதவியில் இருக்கும்போதே காலமானார். இவரை அடுத்து எம். இரத்தினசாமி தலைவரானார்.

பிற்காலப் பயன்பாடு

சாமிக்கண்ணுப் பிள்ளையின் அட்டவணைகள் அவர் மறைந்த பின்னரும் கல்வெட்டுத் துறையில் தொடர்ந்து பயன்பட்டன, மறுபதிப்பும் கண்டன. கும்பகோணத்தைச் சேர்ந்த என். சேதுராமன் இவற்றைத் துணைகொண்டு பாண்டிய மன்னர்களின் வரிசையை மீண்டும் ஆராய்ந்து 1978 இல் நூலாக வெளியிட்டார். விடுதலைக்குப் பின் மேகநாத சாகா தலைமையில் 1952 இல் அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு புதிய வானியல் அளவுகளைப் பின்பற்றியது. அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் இந்தியத் தேசிய நாட்காட்டி வழக்கிற்கு வந்தது. ஆனால் பழைய ஆவணங்களுக்குப் பழைய சித்தாந்தக் கணக்கே தேவைப்பட்டதால், சாமிக்கண்ணுப் பிள்ளையின் தொகுதிகள் வழக்கொழியவில்லை.

யப்பானிய அறிஞர் மிச்சியோ யானோ சூரிய சித்தாந்த அடிப்படையில் எழுதிய கணினி நிரல் போன்றவை வந்தபின், ஏழு தொகுதிகளைப் புரட்டும் தேவை குறைந்துள்ளது. நிரலில் நாளை இட்டால் திதி நொடியில் கிடைக்கிறது. அந்நிரல்கள் பின்பற்றுவது சாமிக்கண்ணுப் பிள்ளை பின்பற்றிய அதே சித்தாந்த மரபின் அளவுகளையே. கணினி விடையும் 1922 இல் அச்சான தசம எண்ணும் திதி முடிவு நள்ளிரவையோ உதயத்தையோ ஒட்டி வரும் நாட்களில் சிறிது வேறுபடுவதுண்டு. அத்தகைய நாட்களில் ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம்.